லாம்டாவுல லைப்ரரி ஏத்துறது எப்படி: ஜிப்பா, லேயரா, கன்டெய்னர் இமேஜா?

"அண்ணா, என் லேப்டாப்ல சூப்பரா ஓடுது, லாம்டாவுல போட்டா நம்பை லைப்ரரிய இம்போர்ட் பண்ற எடத்துலயே செத்துப் போகுது, லேயர் போட்டா சரியாயிடுமா?" இந்த மெசேஜ் வருஷத்துக்கு நாலஞ்சு தடவை வருது, ஆள் மட்டும்தான் மாறுது. சரியாகாது தம்பி. மேக்ல கட்டுன மூட்டைய ஜிப்ல அனுப்புனா என்ன, லேயர்ல அனுப்புனா என்ன, உள்ள இருக்கறது மேக்குக்குன்னு கம்பைல் ஆன பைனரிதானே. அந்தப் பிரச்சனை வேற, எதுல ஏத்துறதுங்கற கேள்வி வேற, ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பிக்கறதாலதான் ஒருத்தரு மூணு நாள் லேயரோட மல்லுக்கட்டிட்டு கடைசில வெறும் ஜிப்லயே வேல முடிஞ்சுதுன்னு வந்து சொல்றாரு.

இங்க பேசறது ஏடபிள்யூஎஸ் லாம்டா, அதாவது நாம சர்வர் வெச்சுக்காம கோட மட்டும் குடுத்தா கூப்பிடறப்ப ஓட்டித் தர்ற அமேசான் சர்வீஸ், அதுவும் பைத்தான். அப்படி ஏத்தற ஒவ்வொண்ணும் ஒரு ஃபங்ஷன். லேயர்னா லைப்ரரிய மட்டும் தனி ஜிப்பா ஏத்தறது, கன்டெய்னர் இமேஜுன்னா எல்லாத்தையும் டாக்கர்ல ஒண்ணாக் கட்டி ஏத்தறது. கூகுள் கிளவுட் ஃபங்ஷன்ஸ்ல என்னென்ன லைப்ரரி வேணும்ங்கற ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலக் குடுத்துட்டா அவங்களே அவங்க பக்கம் பில்ட் பண்ணிக்கறாங்க, அஷ்யூர்லயும் ரிமோட் பில்ட்னு ஒண்ணு இருக்கு. லாம்டாவுல அந்தப் பேச்சே இல்ல. குடுத்தத அப்படியே பிரிச்சு வெச்சு ஓட்டும், லைப்ரரி இறக்கற பிப் எல்லாம் அங்க ஓடாது. கட்டுச்சோறு மாதிரி, வீட்லயே கட்டி எடுத்துட்டுப் போகணும், போற எடத்துல அடுப்பு மூட்ட முடியாது.

எதை வெச்சு முடிவு பண்றது

எல்லாரும் மொதல்ல சைஸத்தான் பாக்கறாங்க. பாக்கணும், ஆனா அது ஒரு நிமிஷ வேல. நேரா அப்லோட் பண்ற ஜிப் 50 எம்பி வரைக்கும், அமேசானோட ஃபைல் ஸ்டோரேஜான எஸ்3 வழியாப் போனா அதுக்கு மேலயும் போகலாம், ஆனா பிரிச்சதுக்கப்புறம் மொத்தம் 250 எம்பிக்குள்ள இருக்கணும், இதுல லேயரும் சேர்த்தி. கன்டெய்னர் இமேஜுன்னா 10 ஜிபி. பாண்டாஸ், நம்பை, சைபை மூணும் சேர்ந்தாலே 200 எம்பி தாண்டிடும். பைடார்ச் எல்லாம் ஜிப்பு பக்கம் கனவுலயும் நினைக்காதீங்க.

நான் சைஸுக்கு முன்னாடி கேக்கறது வேற. ஒண்ணு, உங்க லைப்ரரி பிப்போட நிக்குதா, இல்ல பாங்கோ, போப்ளர், டெஸராக்ட் மாதிரி பிப்ல வராத, லினக்ஸ்லயே இன்ஸ்டால் பண்ண வேண்டிய சிஸ்டம் லைப்ரரி எதையாவது கேக்குதா. ரெண்டு, எத்தன ஃபங்ஷன் அதே லைப்ரரிய எடுக்கப் போகுது, அதெல்லாம் ஒரே டீம் கையில இருக்கா. மூணு, ஆறு மாசம் கழிச்சு ஒரு செக்யூரிட்டி பேட்ச் வந்தா யாரு உக்காந்து திருப்பிக் கட்டப் போறது. இந்த மூணாவது கேள்விக்கு பதில் "தெரியல"ன்னா அது உங்க தேர்வ ரொம்பவே சுருக்கிடும், பின்னாடி வருது. அப்புறம் கோல்ட் ஸ்டார்ட் (சும்மா கெடந்த ஃபங்ஷன் மொத தடவை எழ எடுக்கற நேரம்), பில்லு. எல்லாரும் பயப்படற அளவுக்கு இது ரெண்டும் முடிவ மாத்தாது, ஆனா சொல்லாம விட்டா சண்டைக்கு வருவீங்க.

எந்த வழில போனாலும் மொதல்ல இது

நம்பை மாதிரி லைப்ரரில பாதி சி கோடு. பிப் அத கம்பைல் பண்ணி வெச்ச வீல் ஃபைலா இறக்குது, எந்த மெஷின்ல நின்னுட்டு இறக்குறீங்களோ அந்த மெஷினுக்கு ஏத்தத எடுத்துக்கும். லாம்டா ஓடறது அமேசான் லினக்ஸ். அதனால மேக்லயோ விண்டோஸ்லயோ சும்மா பிப் இன்ஸ்டால் அடிச்சு ஜிப் பண்ணா "இன்வாலிட் ஈஎல்எஃப் ஹெடர்"னோ, ஏதோ ஒரு மாட்யூல் இல்லன்னோ முகத்துல அடிக்கும்.

இதுக்கு டாக்கர் கூட வேணாம். பிப்புக்கே பிளாட்ஃபார்ம் ஆப்ஷன் இருக்கு, அதுல மெனிலினக்ஸ்2014ங்கற பேர (பல லினக்ஸ்லயும் ஓடற வீலோட அடையாளம்) உங்க ஃபங்ஷனோட சிப்புக்கு ஏத்த எக்ஸ்86 இல்லன்னா ஆர்மோட சேத்துக் குடுத்து, பைத்தான் வெர்ஷனச் சொல்லி, பைனரி மட்டும்தான் வேணும்னு ஒன்லி பைனரி ஆப்ஷனையும் போட்டு, டார்கெட் ஃபோல்டர் குடுத்தா மேக்ல உக்காந்துகிட்டே லினக்ஸ் வீல் இறங்கிடும். ஒன்லி பைனரி போடலன்னா பிளாட்ஃபார்ம் ஆப்ஷனயே பிப் ஏத்துக்காது, அந்த எரரப் பாத்து பாதிப்பேர் திரும்பிடறாங்க.

இதுல ஒரு குழி இருக்கு. மெனிலினக்ஸ்2014 வீலுக்கு லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.17 போதும், புது லைப்ரரிங்க சிலது மெனிலினக்ஸ் 2.28 வீல் மட்டும்தான் போடறாங்க, அதுக்கு ஜிலிப்சி 2.28 வேணும். பைத்தான் 3.11 வரைக்கும் லாம்டா ஓடறது அமேசான் லினக்ஸ் 2 மேல, அங்க ஜிலிப்சி 2.26, ஏறாது. 3.12ல இருந்து அமேசான் லினக்ஸ் 2023, அங்க 2.34, ஏறும். அதனால 3.12க்கு மேல இருக்கறவங்க பிளாட்ஃபார்ம் ஆப்ஷன ரெண்டு தடவை குடுங்க, 2014க்கு ஒண்ணு 2.28க்கு ஒண்ணு, இல்லன்னா பிப் சத்தமில்லாம ஒரு பழைய வெர்ஷன எடுத்துட்டு வந்து வெச்சிரும், நீங்க புதுசுன்னு நினைச்சுட்டு இருப்பீங்க.

ஏடபிள்யூஎஸ்ஸோட டிப்ளாய் டூலான சாம் வெச்சிருக்கறவங்க பில்ட் கமாண்ட்ல யூஸ் கன்டெய்னர் குடுத்தா லாம்டா மாதிரியே ஒரு கன்டெய்னருக்குள்ள கட்டிக் குடுத்துடும். அதுவும் சரிதான், மெதுவா இருக்கும்.

இத முடிச்சதுக்கப்புறமும் பிரச்சனை இருந்தாத்தான் கீழ இருக்கறது உங்களுக்கு.

ஜிப்: வெறும் ஜிப்பு

உங்க கோடும் லைப்ரரியும் ஒரே மூட்டை. லாம்டா 2014ல வந்தப்ப இருந்த வழி, இன்னிக்கும் பத்துல எட்டு ஃபங்ஷனுக்கு நான் இதத்தான் சொல்லுவேன்.

நல்லது என்னன்னா டிப்ளாய் பண்ணது எதுவோ அதுதான் ஓடுது, வேற எங்கயும் தேட வேண்டியதில்ல. பைத்தான் ரன்டைமுக்கு வர்ற பேட்ச் ஏடபிள்யூஎஸ் தானாப் போட்டுக்கும், "யாரு பேட்ச் பண்றது"ங்கற கேள்விக்கு பதில் இல்லாத டீமுக்கு இதுதான் வழி. கோல்ட் ஸ்டார்ட்டக் கொறைக்கற ஸ்னாப்ஸ்டார்ட் வேணும்னாலும் பைத்தான் 3.12ல இருந்து இதுல இருக்கு, இமேஜுல கிடையாது.

மறைஞ்சு கெடக்கற செலவுன்னா, பில்ட் டிசிப்ளின் வேணும், மேல சொன்ன வீல் சமாச்சாரம் யாராவது ஒருத்தருக்கு டீம்ல தெரிஞ்சிருக்கணும். அப்புறம் மூட்டை 3 எம்பி தாண்டினா கன்சோல்ல உக்காந்து கோட எடிட் பண்ண முடியாது, ராத்திரி 11 மணிக்கு ஒரு வரி மாத்தணும்னாலும் டிப்ளாய் அடிச்சே ஆகணும். நல்லதுன்னு நான் சொல்லுவேன், எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க.

போட்டோ3, அதான் ஏடபிள்யூஎஸ் சர்வீஸ்களக் கூப்பிடற பைத்தான் லைப்ரரி, ஒரு தனிக் கதை. அது ரன்டைம்லயே இருக்கு, அதனால மூட்டைல வைக்காதன்னு ஒரு கூட்டம். வெச்சுக்கோங்கங்கறது என் கட்சி, ஏன்னா ரன்டைம்ல இருக்கற வெர்ஷன் உங்க கையில இல்ல, புது சர்வீஸ் ஒண்ணு வந்து அதுக்கு புது போட்டோ3 வேணும்னா அங்க இருக்கறது பழசா இருக்கும்.

லேயர்: எல்லாரும் ஓவரா நம்பறது

2018 கடைசில வந்துச்சு. லைப்ரரிய தனி ஜிப்பா ஏத்தி வெச்சுட்டா, ஃபங்ஷன் ஓடும்போது ஆப்ட் ஃபோல்டருக்குள்ள வந்து உக்காந்துக்கும். ஒரு ஃபங்ஷனுக்கு 5 லேயர் வரைக்கும்.

மொதல்ல அந்த மூடநம்பிக்கைய உடைச்சுடறேன். லேயர் போட்டா சைஸ் லிமிட் ஏறாது. 5 லேயரும் ஃபங்ஷனும் சேர்ந்துதான் அந்த 250 எம்பி. மூட்டைய ரெண்டாப் பிரிச்சு ரெண்டு கையில தூக்கினா வெயிட் கொறையுமா? கோல்ட் ஸ்டார்ட்டும் கொறையாது, கொண்டு வர வேண்டிய ஃபைல் அதேதான்.

ரெண்டாவது, "ஒரே எடத்துல மாத்தினா எல்லாத்துலயும் மாறிடும்"னு நினைக்கறது. மாறாது. லேயர் ஒவ்வொரு தடவையும் புது வெர்ஷன் நம்பரோட வருது, பழச மாத்தவே முடியாது, ஃபங்ஷன் ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு நம்பரப் புடிச்சுகிட்டு நிக்குது. 20 ஃபங்ஷன் இருந்தா 20ஐயும் புது நம்பருக்கு மாத்தி டிப்ளாய் பண்ணணும். மாத்தாம விட்ட ஏழு ஃபங்ஷன் ரெண்டு வருஷப் பழைய ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியோட ஓடிகிட்டு இருக்கும், ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல அது இல்லாததால ரிப்போவப் பாக்கற ஸ்கேனர் கண்ணுலயும் படாது. நான் ஒரு ப்ராஜெக்ட்ல இத நேர்ல பாத்திருக்கேன், எந்த ஃபங்ஷன் எந்த நம்பர்ல இருக்குன்னு ஒரு எக்ஸல் ஷீட் வெச்சிருந்தாங்க, அந்த ஷீட்டும் தப்பு.

இன்னும் இருக்கு. லேயர் ரீஜியனுக்கு ரீஜியன் தனி, மும்பைல போட்டது ஹைதராபாத்ல வராது, அங்கயும் தனியா ஏத்தணும். ஜிப்புக்குள்ள மேல் மட்டத்துல பைத்தான்னு ஒரு ஃபோல்டர் இருக்கணும், அத விட்டுட்டு ஏத்திட்டு "இம்போர்ட் ஆகல"ன்னு அழறவங்கதான் ஜாஸ்தி. ரெண்டு லேயர்ல ஒரே ஃபைல் இருந்தா பின்னாடி வர்றது முன்னாடி இருக்கறத அழிச்சு உக்காரும், நம்பை ரெண்டு வெர்ஷன் இப்படிக் கலந்துச்சுன்னா வர்ற எரரப் படிச்சு ஒண்ணுமே புரியாது. நெட்ல எவரோ ஒருத்தர் பப்ளிக்கா போட்ட லேயர எடுத்து ஒட்டறீங்கன்னா, முகம் தெரியாத ஆளோட கோடுக்கு உங்க ஃபங்ஷனோட பர்மிஷன் மொத்தத்தையும் தூக்கிக் குடுக்கறீங்க. அவரு அத டெலீட் பண்ணா ஓடற ஃபங்ஷன் ஓடிட்டே இருக்கும், வேற ஃபங்ஷன்ல அத மாட்டப் போனாத்தான் கை விரிக்கும்.

அப்ப லேயரே வேணாமா? வேணும். ஏடபிள்யூஎஸ்ஸே கட்டி வெச்சிருக்கற பாண்டாஸ் லேயர் இருக்கு, டேட்டா வேல பாக்கறவங்களுக்கு அது வரம், பாண்டாஸும் பைஆரோவும் அளவு கொறச்சு ஒண்ணா வருது, நீங்க கட்டினா 250க்குள்ள அடக்க ரொம்பப் பாடுபடணும். ஜிப் ஃபங்ஷனுக்கு மானிட்டரிங் ஏஜென்ட்டுங்க எக்ஸ்டென்ஷனா லேயர்லதான் வருது, வேற வழியில்ல. எஃப்எஃப்எம்பெக் மாதிரி ஒரே பைனரி, வருஷத்துக்கு ஒரு தடவை மாறறது, அதுக்கும் லேயர் சரி. அடிக்கடி மாறாதது, ஒரே டீம் கையில இருக்கறது, ரெண்டும் சேர்ந்தாத்தான் லேயர்.

கன்டெய்னர் இமேஜ்: பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா வாடகை உண்டு

2020 டிசம்பர்ல வந்துச்சு. டாக்கர் ஃபைல் எழுதி, ஏடபிள்யூஎஸ் குடுக்கற பைத்தான் பேஸ் இமேஜ் மேல உங்க சாமானெல்லாம் வெச்சு, ஏடபிள்யூஎஸ்ஸோட இமேஜ் கிடங்கான ஈசிஆர்ல ஏத்தி, லாம்டாகிட்ட காட்டணும்.

எனக்கு இது எப்ப கட்டாயம் ஆச்சுன்னு சொல்றேன். ஒரு வியாபாரிக்கு தமிழ்ல பில் பிடிஎஃப் போடணும். சாதாரண பிடிஎஃப் லைப்ரரில "கோயம்புத்தூர்"னு அடிச்சா மொத எழுத்தே ஒடஞ்சு வருது, ஏன்னா கோவுல இருக்கற கொம்பு ககரத்துக்கு முன்னாடி போய் நிக்கணும், எழுத்த வரிசையா வரஞ்சுட்டுப் போற லைப்ரரிக்கு அது தெரியாது. எழுத்த இப்படி எடம் மாத்தி அடுக்கற ஷேப்பிங் வேலைக்கு ஹார்ஃப்பஸ்ங்கற லைப்ரரி வேணும். பிடிஎஃப் போடற வீசிபிரின்ட் லைப்ரரிய எடுத்தா அது பாங்கோ மேல நிக்குது, பாங்கோ உள்ள ஹார்ஃப்பஸ்ஸ வெச்சிருக்கு, ஆனா பாங்கோ பிப்ல வராது, சிஸ்டம் லைப்ரரி. மொதல்ல லேயர்ல முயற்சி பண்ணேன், பாங்கோவோட எஸ்ஓ ஃபைல், அதுக்கு ஜிலிப், அதுக்கு ஃபான்ட்கான்ஃபிக், ஃப்ரீடைப், ஃப்ரிபிடின்னு எது எதக் கேக்குதுன்னு ஒண்ணு ஒண்ணா எல்டிடி கமாண்ட் அடிச்சுப் பாத்து காப்பி பண்ணி, ஒரு வழியா ஓட வெச்சுட்டேன், பெருமையா இருந்துச்சு. அப்புறம் பைத்தான் 3.11ல இருந்து 3.12க்குப் போனோம், அடியில இருக்கற அமேசான் லினக்ஸே மாறிப்போச்சு, மொத்த லேயரையும் மறுபடி கட்டணும். அன்னிக்கே இமேஜுக்கு மாறினேன். டாக்கர் ஃபைல்ல டிஎன்எஃப் வெச்சு பாங்கோ இன்ஸ்டால், நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட் ஒரு காப்பி வரி, ஃபான்ட்கான்ஃபிக் கேஷ் டிஎம்பி ஃபோல்டருக்குப் போற மாதிரி ஒரு என்விரான்மென்ட் வேரியபிள், ஏன்னா லாம்டாவுல எழுத முடியற எடம் அது ஒண்ணுதான். ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுது.

"இமேஜுன்னா கோல்ட் ஸ்டார்ட் பயங்கரமா இருக்குமே"ன்னு கேப்பீங்க. 10 ஜிபியையும் ஒவ்வொரு தடவையும் இறக்குதுன்னு நினைச்சா அப்படித்தான் தோணும். நிஜத்துல லாம்டா உங்க இமேஜ தட்டையாக்கி 512 கேபி துண்டு துண்டா வெட்டி வெச்சிருக்கு, ஃபங்ஷன் எந்தத் துண்டப் படிக்குதோ அத மட்டும் கொண்டு வருது, பல பேர் ஒரே பேஸ் இமேஜ வெச்சிருக்கறதால பாதித் துண்டு ஏற்கனவே கேஷ்ல கெடக்கும். நேரம் தின்றது பெரும்பாலும் உங்க இம்போர்ட்தான், பாண்டாஸ இம்போர்ட் பண்ற நேரம் ஜிப்லயும் அதேதான். 2025 ஆகஸ்ட் 1ல இருந்து ஜிப்ல ஓடற ஃபங்ஷனுக்கும் அந்த இனிட் நேரத்துக்கு பில் வருது, முன்னாடி ஓசி. அதனால எதுல ஏத்தினாலும் எப்பவாவது தேவைப்படற கனமான இம்போர்ட்ட ஃபைல் மேல வைக்காம, அது தேவைப்படற பைத்தான் ஃபங்ஷனுக்குள்ள தள்ளி வைங்க.

இப்ப வாடகை. பேஸ் இமேஜுல ஒரு ஓட்டை கண்டுபிடிச்சா ஏடபிள்யூஎஸ் புது பேஸ் இமேஜ் போடும், உங்க இமேஜ மாத்தாது. நீங்கதான் திருப்பி பில்ட் பண்ணி டிப்ளாய் அடிக்கணும். மாசத்துக்கு ஒரு தடவையாவது தானா பில்ட் ஆகற மாதிரி ஒரு வேலைய செட் பண்ணி வைக்க ஆள் இல்லன்னா இமேஜ் பக்கமே வராதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

லேட்டஸ்ட்ங்கற டேக்ல புது இமேஜ ஏத்திட்டா ஃபங்ஷன் மாறிடும்னு நினைக்காதீங்க, டிப்ளாய் பண்ண நேரத்துல அந்த டேக் எந்த இமேஜக் காட்டுச்சோ அதையேதான் புடிச்சுட்டு இருக்கும். ஈசிஆர்ல பழைய இமேஜ அழிக்கற ரூல் போட்டு ஓடிட்டு இருக்கற இமேஜயே அழிச்சவங்களும் உண்டு, ஃபங்ஷன் படுத்துடும். டாக்கர் பில்டக்ஸ் தானா சேக்கற ப்ராவனன்ஸ் (இமேஜ எப்படிக் கட்டினதுங்கற குறிப்பு) சமாச்சாரத்த ஆஃப் பண்ணலன்னா "இமேஜ் மேனிஃபெஸ்ட் சப்போர்ட் இல்ல"ன்னு லாம்டா திருப்பி அனுப்பும். எம் சீரிஸ் மேக்ல சும்மா பில்ட் பண்ணா ஆர்ம் இமேஜ்தான் வரும், எக்ஸ்86 ஃபங்ஷன்ல அது ஓடாது. ஃபங்ஷனையே ஆர்முக்கு மாத்திடுங்களேன், ஓடற நேரத்துக்கான ரேட்டும் 20 சதவீதம் கம்மி.

யாரும் சொல்லாத ஒண்ணு: பல வாரமா யாரும் கூப்பிடாத இமேஜ் ஃபங்ஷன் இன்ஆக்டிவ் ஆயிடும், அப்புறம் மொத கூப்பிட்டத திருப்பி அனுப்பிட்டு அப்புறம்தான் எழும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஓடற ரிப்போர்ட் வேலைக்கு ரீட்ரை இல்லாம இமேஜ் வெச்சீங்கன்னா அந்த ஒரு நாள் பாத்து கழுத்தறுக்கும்.

ஈஎஃப்எஸ்ஸும் டிஎம்பி தந்திரமும்

ஏடபிள்யூஎஸ்ஸோட நெட்வொர்க் டிஸ்க்கான ஈஎஃப்எஸ்ஸ மவுன்ட் பண்ணி லைப்ரரிய அங்க வைக்கற வழி 2020 ஜூன்ல வந்துச்சு, அஞ்சாறு மாசத்துல இமேஜ் வந்து அதோட தேவைய பாதி காலி பண்ணிடுச்சு. ஃபங்ஷன் உங்க தனி நெட்வொர்க்கான விபிசிக்குள்ள போகணும், வெளி இன்டர்நெட் வேணும்னா நாட் கேட்வே போடணும், அது அமெரிக்க கிழக்கு ரீஜியன் ரேட்ல மணிக்கு 0.045 டாலர், சும்மா நின்னாலே மாசம் 32 டாலருக்கு மேல. பைத்தான் இம்போர்ட்ல நூத்துக்கணக்கான குட்டி ஃபைலத் தொறக்கும், அதெல்லாம் நெட்வொர்க் வழியா. டிப்ளாய் இல்லாமயே அடிக்கடி மாறற பெரிய மாடல் ஃபைலுக்கு மட்டும் யோசிங்க. எஸ்3ல இருந்து ஜிப்ப டிஎம்பிக்கு இறக்கி அங்க பிரிச்சு இம்போர்ட் பண்றது ஒட்டு வேல, இமேஜ் வந்ததுக்கப்புறம் அதுக்கு காரணமே இல்ல.

பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா

| எது | ஜிப் | லேயர் | இமேஜ் |
|---|---|---|---|
| சைஸ் | பிரிச்சா 250 எம்பி | அதே 250க்குள்ள பங்கு | 10 ஜிபி |
| சிஸ்டம் லைப்ரரி | கஷ்டம் | முடியும், ரன்டைம் மாறினா மறுபடி கட்டணும் | ஈஸி |
| ரன்டைம் பேட்ச் | தானா வரும் | தானா வரும், லேயர் உள்ள இருக்கறது உங்க பாடு | முழுசும் உங்க பாடு |
| பல ஃபங்ஷனுக்குப் பகிர | ஒவ்வொண்ணுலயும் ஒரு காப்பி | முடியும், நம்பர் கணக்கு வெக்கணும் | பேஸ் இமேஜா பகிரலாம் |
| லேப்டாப்ல டெஸ்ட் | சுமார் | தலைவலி | நல்லா இருக்கு, எமுலேட்டர் பேஸ் இமேஜுலயே இருக்கு |
| ஸ்டோரேஜ் | ரீஜியனுக்கு 75 ஜிபி வரை, தனிக் காசு இல்ல | அதே 75க்குள்ள, பழைய வெர்ஷனும் எடம் புடிக்கும் | ஈசிஆர்ல ஜிபிக்கு மாசம் 0.10 டாலர் |
| ஸ்னாப்ஸ்டார்ட் | உண்டு | உண்டு | இல்ல |

நான் எத எடுப்பேன்

ஏபிஐ ஒண்ணு, ரிக்வெஸ்ட்ஸும் பைடான்டிக்கும் போஸ்ட்கிரஸ் டிரைவரும்தான்னா ஜிப், யோசிக்கவே வேணாம், சைகாப்பிஜி2 பைனரி பேக்கேஜ எடுத்துக்கோங்க, பைனரி இல்லாதத எடுத்தா லிப்பிக்யூ இல்லன்னு நிக்கும். எஸ்3ல விழற சிஎஸ்விய பாண்டாஸ் வெச்சு மாத்தற வேலன்னா ஜிப் கூட ஏடபிள்யூஎஸ்ஸோட பாண்டாஸ் லேயர். ஓசிஆர், பிடிஎஃப், குரோமியம், எம்எல் மாடல் இதுல எது வந்தாலும் இமேஜ், அதோட மாசாந்திர ரீபில்ட் வேலையும் அன்னிக்கே எழுதி வெச்சுடணும். ஆறு டீம் பகிர்ந்துக்கற உள்வீட்டு லைப்ரரின்னா லேயர் வேணாம், ப்ரைவேட் பிப் பேக்கேஜா போட்டு அவங்கவங்க ஜிப்ல வெர்ஷனோட எடுத்துக்கட்டும். அப்பத்தான் யாரு எந்த வெர்ஷன்ல இருக்காங்கன்னு அவங்க ரிப்போவுலயே தெரியும்.

ஜிப்ல ஆரம்பிச்சு பின்னாடி இமேஜுக்கு மாறிக்கலாம்னு இருக்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. இருக்கற ஜிப் ஃபங்ஷன இமேஜா மாத்த முடியாது, பேக்கேஜ் வகை ஃபங்ஷன் பொறக்கும்போதே முடிவாயிடும், புது ஃபங்ஷன்தான் போடணும். பேர் மாறினா ஏஆர்என்ங்கற அதோட முழு விலாசம் மாறும், ஏஆர்என் மாறினா ஏபிஐ கேட்வே, எஸ்க்யூஎஸ் மெசேஜ் க்யூவோட டிரிகர், எஸ்3 நோட்டிஃபிகேஷன், அலாரம், மத்த சர்வீஸ் இத கூப்பிடறதுக்கு குடுத்த பர்மிஷன் எல்லாத்தையும் புதுசுக்குத் திருப்பணும். எஸ்க்யூஎஸ்னா பழைய டிரிகர மொதல்ல டிஸேபிள் பண்ணுங்க, மெசேஜ் க்யூவுலயே காத்துகிட்டு இருக்கும், அப்புறம் புதுசுல ஆன் பண்ணுங்க. ரெண்டும் ஒரே நேரத்துல ஓடினா பாதி மெசேஜ் பழைய கோடுக்கும் பாதி புதுசுக்கும் போகும், எது எங்க போச்சுன்னு லாக்ல தேடறதுக்குள்ள பொழுது விடிஞ்சுடும்.